6174: ஓர் எண்ணின் இயல்பும் அதன் காரணமும்

எண்களுள் பல, பார்த்த அளவில் எவ்விதச் சிறப்பும் அற்றவையாகவே தோன்றும். 100, 1000 என்பவற்றிற்குள்ள முழுமையோ, 7, 12, 60 என்பவற்றிற்கு வழக்கினால் ஏற்பட்ட பெருமையோ அவற்றிற்கு இல்லை. 6174 அத்தகையதோர் எண்ணாகும். ஆயினும், எளியதொரு கழித்தல் கணக்கைத் திரும்பத் திரும்பச் செய்யுமிடத்து, நான்கு இலக்க எண்கள் யாவும், பத்து எண்கள் நீங்கலாக, இறுதியில் இவ்வெண்ணையே வந்தடைகின்றன. அடைந்தபின் அதனை விட்டு நீங்குவதில்லை.

இவ்வியல்பைக் கண்டறிந்தவர் மகாராஷ்டிரத்தில் நாசிக் நகருக்கு அண்மையிலுள்ள தேவ்லாலி என்னும் ஊரில் பள்ளி ஆசிரியராகப் பணியாற்றிய தத்தாத்ரேய ராமசந்திர காப்ரேகர் ஆவார். 1949-இல் சென்னையில் நடைபெற்ற கணித மாநாட்டில் அவர் இதனை அறிவித்தார். அவர் பெயராலேயே இன்று உலகெங்கும் இவ்வெண் ‘காப்ரேகர் மாறிலி’ என வழங்கப்படுகிறது. மூன்றாம் வகுப்பு மாணவனும் செய்து பார்க்கத்தக்க இக்கணக்கு வெறும் வேடிக்கையா, அன்றிக் கணிதமா என்னும் கேள்வி பலகாலம் எழுப்பப்பட்டு வந்துள்ளது. அக்கேள்விக்கு விடை காண்பதற்கு முன்னர் கணக்கையே முதலில் காண்போம்.

கணக்கின் விதி

நான்கு இலக்கங்கள் கொண்ட ஏதேனும் ஓர் எண்ணை எடுத்துக்கொள்க. நான்கு இலக்கங்களும் ஒன்றாகவே இருத்தல் கூடாது. 1111, 2222 என்பன போன்றவை விலக்கப்படும். அவ்விலக்கங்களைப் பெரியதிலிருந்து சிறியதாக வரிசைப்படுத்திப் பெறக்கூடிய மிகப் பெரிய எண்ணை எழுதுக. பின்னர், அவற்றையே சிறியதிலிருந்து பெரியதாக வரிசைப்படுத்தி மிகச் சிறிய எண்ணை எழுதுக. பெரியதிலிருந்து சிறியதைக் கழித்து, வரும் மீதியைக் கொண்டு அதே விதியை மீண்டும் கையாளுக.

நாடு விடுதலை பெற்ற ஆண்டாகிய 1947-ஐ எடுத்துக்கொண்டால் கணக்கு வருமாறு:

9741 − 1479 = 8262
8622 − 2268 = 6354
6543 − 3456 = 3087
8730 − 0378 = 8352
8532 − 2358 = 6174

ஐந்து கழித்தல்களில் 6174 கிட்டுகிறது. இதற்கு மேலும் தொடர்ந்தால் 7641 − 1467 = 6174 என அவ்வெண்ணே மீண்டும் மீண்டும் வரும். காப்ரேகர் பிறந்த ஆண்டு 1905. அவ்வெண்ணைக் கொண்டு தொடங்கினால் வழி சற்று நீளுகிறது:

9510 − 0159 = 9351
9531 − 1359 = 8172
8721 − 1278 = 7443
7443 − 3447 = 3996
9963 − 3699 = 6264
6642 − 2466 = 4176
7641 − 1467 = 6174

இங்கு ஏழு கழித்தல்கள் வேண்டியிருந்தன. எந்த எண்ணை எடுத்துக்கொண்டாலும் ஏழுக்கு மேற்படுவதில்லை என்பதே இவ்வியல்பின் முழு வடிவமாகும்.

இக்கணக்கில் பூஜ்யத்தைப் பற்றிய எச்சரிக்கை ஒன்று தேவை. இடப்புறத்தில் வரும் பூஜ்யத்தைக் கைவிடலாகாது. 2111 என்னும் எண்ணை எடுத்தால் 2111 − 1112 = 999 என வரும். இதனை 0999 என்றே எழுதவேண்டும். அவ்வாறு எழுதினால் 9990 − 0999 = 8991, 9981 − 1899 = 8082, 8820 − 0288 = 8532, 8532 − 2358 = 6174 என முடியும். பூஜ்யத்தை விட்டுவிட்டாலோ, மூன்று ஒன்பதுகள் மட்டுமே எஞ்சி, அடுத்த கழித்தலில் ஒன்றுமில்லாது போகும். ஓர் இலக்கத்தின் இடமதிப்பை உணர்த்துவதற்கு இதனினும் தெளிவான உதாரணம் வகுப்பறையில் கிடைப்பது அரிது.

காரணம் யாது?

நூறு எண்களைச் சோதித்து நூறும் 6174-ஐ அடைந்தன என்று காட்டுவதனால் இவ்விதி நிலைநாட்டப்பட்டதாகாது. நூற்றியோராவது எண் தவறக்கூடும். பத்தாயிரம் எண்களையும் ஒன்றன்பின் ஒன்றாகச் சோதித்தால் ஐயம் நீங்கும். ஆனால் காரணம் விளங்காது. காரணத்தை நாடிச் செல்லின் வேலையும் குறைகிறது என்பதே இங்குக் கவனித்தற்குரியது.

எடுத்துக்கொண்ட எண்ணின் இலக்கங்களைப் பெரியதிலிருந்து சிறியதாக அ, ஆ, இ, ஈ எனக் கொள்வோம். பெரிய எண்ணில் அ ஆயிரத்தின் இடத்திலும் ஈ ஒன்றின் இடத்திலும் நிற்கின்றன. சிறிய எண்ணில் அவை இடம் மாறுகின்றன. ஆகவே, கழித்தலில் அவ்விரண்டினாலும் விளையும் பயன், அ − ஈ என்னும் வித்தியாசத்தின் 999 மடங்காகும். அவ்வாறே, நூறின் இடத்திலும் பத்தின் இடத்திலும் நிற்கும் ஆ, இ என்பவற்றால் விளைவது ஆ − இ என்னும் வித்தியாசத்தின் 90 மடங்காகும். முன்னதைப் புறவித்தியாசம் என்றும் பின்னதை அகவித்தியாசம் என்றும் அழைப்போமாயின்,

மீதி = 999 × புறவித்தியாசம் + 90 × அகவித்தியாசம்

என்பது பெறப்படும். மீதியை நிர்ணயிப்பவை இவ்விரு வித்தியாசங்களே. இலக்கங்கள் எவை என்பதன்று. 9, 7, 4, 1 என்னும் இலக்கங்களுக்குப் புறவித்தியாசம் 8; அகவித்தியாசம் 3. மீதி 7992 + 270 = 8262. மேலே கண்ட விடையும் இதுவே.

புறவித்தியாசம் 1 முதல் 9 வரை இருக்கலாம். அகவித்தியாசம் புறவித்தியாசத்தினும் மிகாது. புறவித்தியாசம் 1 ஆயின் அகவித்தியாசம் 0 அல்லது 1 என இரண்டு வகை. 2 ஆயின் மூன்று வகை. இவ்வாறே சென்று 9 ஆயின் பத்து வகை. இவற்றின் கூட்டுத்தொகை 2 + 3 + 4 + … + 10 = 54. ஆகவே, ஏறத்தாழப் பத்தாயிரம் எண்களில் எதனை எடுத்துக்கொண்டாலும், ஒரே ஒரு கழித்தலுக்குப் பின்னர் வரக்கூடிய விடைகள் 54 மட்டுமே. பெருந்திரளாக நின்றவை ஒரே அடியில் சிறு கூட்டமாக ஒடுங்கிவிடுகின்றன.

இக்கூட்டமும் மேலும் சுருங்கும். அகவித்தியாசம் பூஜ்யம் அல்லாதவிடத்து, மீதியின் நான்கு இலக்கங்கள் முறையே புறவித்தியாசம், அகவித்தியாசத்தில் ஒன்று குறைந்தது, 9-இலிருந்து அகவித்தியாசத்தைக் கழித்தது, 10-இலிருந்து புறவித்தியாசத்தைக் கழித்தது என அமைகின்றன. கடன் வாங்கிக் கழிக்கும் முறையை ஊன்றி நோக்கின் இது விளங்கும். இவற்றுள் முதலும் கடையும் சேர்ந்து எப்பொழுதும் 10; நடுவிலுள்ள இரண்டும் சேர்ந்து எப்பொழுதும் 8. அகவித்தியாசம் பூஜ்யமாயின், நடு இலக்கங்கள் இரண்டும் 9 ஆகும். முதலும் கடையும் சேர்ந்து 9 ஆகும். எனவே மீதியின் இலக்கங்களைக் கூட்டினால் 18 அல்லது 27 தான் வரவேண்டும். வேறு எத்தொகை வரினும் கழித்தலில் பிழை நேர்ந்துள்ளது என்று அறியலாம்.

அடுத்த கழித்தலுக்கு இலக்கங்களை எவ்வாறாயினும் வரிசைப்படுத்தவே போகிறோம்; ஆதலின், இலக்கங்கள் ஒன்றாயிருந்து வரிசை மட்டும் மாறியவற்றைத் தனித்தனியே கொள்ளவேண்டுவதில்லை. 4176, 6174 ஆகிய இரண்டும் 7641 என்னும் ஒரே வகையைச் சார்ந்தவை. இவ்வாறு தொகுத்தால் 54 என்பது 30 ஆகக் குறைகிறது. அம்முப்பது வகைகள் வருமாறு:

9990, 9981, 9972, 9963, 9954
9810, 9711, 9621, 9531, 9441
8820, 8721, 8622, 8532, 8442
8730, 7731, 7632, 7533, 7443
8640, 7641, 6642, 6543, 6444
8550, 7551, 6552, 5553, 5544

இவற்றில் ஒவ்வொன்றிற்கும் ஒரு முறை கழித்து, விடை எந்த வகையைச் சார்கிறது என்று குறித்துக்கொண்டால் போதும். 8532, 7641 ஆகிய இரண்டும் ஒரே கழித்தலில் 6174-ஐத் தருகின்றன. இரு கழித்தல்களில் அடைவன ஆறு. மூன்றில் அடைவன நான்கு. நான்கில் அடைவன எட்டு. ஐந்தில் அடைவன நான்கு. ஆறில் அடைவன ஆறு. ஆக மொத்தம் முப்பதும் கணக்கிற்கு வந்துவிட்டன. வழி தவறி வேறிடம் சென்றது ஒன்றும் இல்லை. எந்த எண்ணும் முதற் கழித்தலில் இம்முப்பதில் ஒரு வகையை அடைகிறது. அதன்பின் ஆறு கழித்தல்களுக்கு மேல் வேண்டுவதில்லை. எனவே, கூடியது ஏழு. நிரூபணம் முற்றுப்பெற்றது.

6174 தன்னிடத்திலேயே நிலைத்து நிற்பதன் காரணமும் இப்பொழுது வெளிப்படை. 7, 6, 4, 1 என்பவற்றின் புறவித்தியாசம் 6, அகவித்தியாசம் 2. 999 × 6 = 5994; 90 × 2 = 180; இரண்டும் சேர்ந்து 6174. விடையின் இலக்கங்களே அடுத்த வினாவின் இலக்கங்களாகவும் அமைந்துவிடுகின்றன.

0000 முதல் 9999 வரையுள்ள எண்களில் நான்கு இலக்கமும் ஒன்றான பத்தினை நீக்கின் எஞ்சுவன 9,990. அவற்றுள் 6174 நீங்கலாக, ஒரே கழித்தலில் முடிபவை 383, இரண்டில் 576, மூன்றில் 2,400, நான்கில் 1,272, ஐந்தில் 1,518, ஆறில் 1,656, ஏழில் 2,184.

வகுப்பறையில் செய்யத்தக்கது

இக்கணக்கை வகுப்பில் நடத்துவோர் முதலில் ஒவ்வொரு மாணவனும் தன் விருப்பப்படி ஓர் எண்ணை எடுத்துச் செய்யுமாறு விடலாம். எல்லாரும் ஒரே விடைக்கு வந்து சேர்வதைக் காணும்போது வியப்பு உண்டாகும். பல வகுப்புகளில் பாடம் இவ்விடத்திலேயே நின்றுவிடுகிறது. உண்மையில் பாடம் இவ்விடத்தில்தான் தொடங்குகிறது. ‘இனி ஒருவன் எடுக்கும் எண்ணும் இவ்வாறே முடியும் என்பதற்கு உறுதி என்ன?’ என்னும் வினாவை மாணவரிடம் விடுத்தல் வேண்டும்.

பின்னர், மேலே கண்ட முப்பது வகைகளையும் முப்பது அட்டைகளில் எழுதி மாணவரிடையே பங்கிட்டுக் கொடுக்கலாம். ஒவ்வொருவரும் தம் அட்டையிலுள்ளதற்கு ஒரே ஒரு கழித்தல் செய்து, விடையின் இலக்கங்களை வரிசைப்படுத்தி, அவ்வகையைக் கையில் வைத்திருப்பவரைச் சுட்டவேண்டும். கரும்பலகையில் அம்புக்குறிகளால் இணைத்துக்கொண்டே வந்தால், பல கிளைகள் ஓடிவந்து ஓர் ஆற்றில் கலப்பது போன்ற படம் உருவாகும். ஒரு பாடவேளைக்குள் ஒரு முழுமையான நிரூபணத்தை வகுப்பு முழுவதும் சேர்ந்து கட்டியெழுப்பியதாகும். எவரேனும் ஒருவர் தம் அட்டையைச் செய்யாவிடின் நிரூபணம் குறைபட்டு நிற்கும் என்பதையும் மாணவர் தாமே உணர்வர். கழித்தல் பயிற்சி இதன் உடன்விளைவாகக் கிடைக்கிறது.

மேல்வகுப்பு மாணவர்க்கு மூன்று இலக்க எண்களை விட்டுவிடலாம். அங்கு மீதி எப்பொழுதும் 99-இன் மடங்கு. ஒன்பது விடைகளே உண்டு. 321-இல் தொடங்கினால் 198, 792, 693, 594, 495 என வந்து 495-இல் நிலைபெறும். இதற்கு நிரூபணம் எழுதுவது அவர்கள் ஆற்றலுக்கு உட்பட்டதே.

பதிவேடுகளில் இதன் பயன்

இலக்கங்கள் இடம் மாறினால் விளையும் வித்தியாசம் எப்பொழுதும் 9-ஆல் மீதமின்றி வகுபடும் என்பது மேற்கண்ட சமன்பாட்டினின்றே பெறப்படுகிறது. 999, 90 ஆகிய இரண்டும் 9-இன் மடங்குகள். களப்பணியாளருக்கு இது அன்றாடம் உதவக்கூடிய செய்தி. மழையளவுப் பதிவேட்டிலோ, விதை வழங்கற் கணக்கிலோ, இரு மொத்தங்கள் ஒத்துவராதபொழுது முதலில் வித்தியாசத்தை 9-ஆல் வகுத்துப் பார்க்கலாம். மீதமின்றி வகுபடுமாயின், எங்கேனும் இலக்கங்கள் முன்பின்னாக எழுதப்பட்டிருக்கக்கூடும் என்று ஐயுற இடமுண்டு.

5,364 என்பதை ஒருவர் 5,634 எனப் பதிந்துவிட்டார் என்று கொள்வோம். வித்தியாசம் 270. இது 90-இன் மூன்று மடங்கு. 90 என்பது நூறின் இடத்தையும் பத்தின் இடத்தையும் குறிக்கிறது. 3 என்பது இடம் மாறிய இலக்கங்களின் வித்தியாசம். ஆகவே, அவ்விரு இடங்களிலும் மூன்று வித்தியாசமுள்ள இலக்கங்கள் நிற்கும் பதிவுகளை மட்டும் தேடினால் போதும். ஏடு முழுவதையும் மீண்டும் கூட்டவேண்டியதில்லை. ஆயினும், இது ஒரு குறிப்பே அன்றி முடிந்த சாட்சி அன்று. வேறு பிழைகளாலும் 9-இன் மடங்கு வரக்கூடும்.

ஒன்பதை நீக்கிச் சரிபார்க்கும் பழைய முறையின் குறைபாடும் இதனால் விளங்குகிறது. இலக்கங்களைக் கூட்டிப் பார்க்கும் அம்முறை, இலக்கங்கள் இடம் மாறிய பிழையை ஒருபோதும் காட்டாது. இடம் மாறினாலும் இலக்கங்களின் கூட்டுத்தொகை மாறுவதில்லை அன்றோ?

பிற இயல்புகள்

6174-ஐப் பகாக்காரணிகளாகப் பிரித்தால் 2 × 3 × 3 × 7 × 7 × 7 என வரும். அதன் இலக்கங்களின் கூட்டுத்தொகை 18. அத்தொகையால் 6174-ஐ வகுத்தால் மீதமின்றி 343 கிடைக்கிறது. அது 7-இன் கனம். மேலும், 18, அதன் வர்க்கமாகிய 324, அதன் கனமாகிய 5832 ஆகிய மூன்றையும் கூட்டினால் 6174 வருகிறது. இவை கழித்தல் விதியுடன் நேர்த்தொடர்பு உடையவை அல்ல; எனினும் சரிபார்த்து மகிழத்தக்கவை.

எல்லா நீளத்து எண்களும் இவ்வாறு ஒரே இடத்தில் முடிவதில்லை. இரண்டு இலக்க எண்கள் எதிலும் நிலைபெறாமல் 09, 81, 63, 27, 45 என்னும் வட்டத்தில் சுற்றிவருகின்றன. ஐந்து இலக்க எண்களிலும் நிலையான எண் கிடையாது. அவை மூன்று வெவ்வேறு வட்டங்களில் ஒன்றில் அகப்படுகின்றன. 53955, 59994 ஆகிய இரண்டும் மாறி மாறி வருவது அவற்றுள் மிகச் சிறியது. ஆறு இலக்கங்களில் 549945, 631764 என இரு நிலையான எண்கள் உள்ளன. அவற்றோடு ஏழு எண்கள் கொண்ட ஒரு வட்டமும் உண்டு. ஆகவே, எல்லாவற்றையும் ஒன்றில் ஒடுக்கும் தன்மை மூன்று, நான்கு இலக்கங்களுக்கு வாய்த்திருப்பது பொதுவானதோர் இயல்பு அன்று, சோதித்தே அறியவேண்டியது.

இது வேடிக்கையா, கணிதமா?

ராமானுஜத்தை உலகிற்கு அறிமுகப்படுத்திய ஜி. எச். ஹார்டி, 1940-இல் வெளிவந்த தம் நூலொன்றில் இத்தகைய இலக்க இயல்புகளைப் பற்றித் தம் கருத்தைக் கூறியுள்ளார். 8712 என்பது 2178-இன் நான்கு மடங்கு. 9801 என்பது 1089-இன் ஒன்பது மடங்கு. தம்மைத் திருப்பி எழுதினால் வரும் எண்ணின் மடங்காக அமைந்த நான்கு இலக்க எண்கள் இவ்விரண்டே. இத்தகைய உண்மைகள் பத்திரிகைப் புதிர்ப் பகுதிகளுக்கு ஏற்றவையே தவிர, கணித அறிஞரின் உள்ளத்தை ஈர்ப்பவை அல்ல என்பது அவர் கொள்கை. அவை பிற உண்மைகளோடு இணைந்து வளர்வதில்லை என்பதே அவர் கூறிய காரணம்.

இக்குற்றச்சாட்டில் உண்மை இல்லாமல் இல்லை. 6174-இன் இயல்பு எண்ணைச் சார்ந்ததன்று. நாம் எண்ணை எழுதும் பதின்முறையைச் சார்ந்தது. ஐந்தினை அடிப்படையாகக் கொண்டு எண்களை எழுதுவோருக்கு 6174-இன் இடத்தில் 3032 என்பது நிலையான எண்ணாக நிற்கும். பத்து விரல்கள் நமக்கு அமைந்திராவிடில் இவ்வெண்ணை எவரும் கவனித்திருக்கமாட்டார்.

எனினும், இதனோடு வழக்கு முடிந்துவிடவில்லை. ஒரு விதியை ஓர் எண்ணின்மேல் செலுத்தி, விடையின்மேல் அதே விதியை மீண்டும் செலுத்திக்கொண்டே சென்றால் என்ன நேரும் என்னும் வினா விளையாட்டு அன்று. இருக்கும் எண்கள் அளவுபட்டவையாயின், கண்ட எண்ணையே மீண்டும் காணவேண்டிய கட்டம் வந்தே தீரும். அதன்பின் நிலையான ஓர் எண்ணிலோ ஒரு வட்டத்திலோ அகப்பட்டுக்கொள்ளுதல் தவிர வேறு வழி இல்லை. காப்ரேகர் சென்னையில் தம் முடிபை அறிவித்த அதே 1949-இல், அமெரிக்காவில் ஜான் வான் நாய்மன் கணிப்பொறிகளுக்கு வேண்டிய ஒழுங்கற்ற எண்களை உண்டாக்கும் முறையொன்றை விளக்கினார். ஓர் எண்ணை வர்க்கமாக்கி, விடையின் நடுவிலுள்ள இலக்கங்களை எடுத்து, அதனையே மீண்டும் வர்க்கமாக்குவது அம்முறை. நான்கு இலக்கங்களைக் கொண்டு இதனைச் செய்யும்போது 3792 என்னும் எண் வந்துவிட்டால் வேலை நின்றுபோகும். அதன் வர்க்கம் 14379264, அதன் நடுவில் நிற்பது மீண்டும் 3792. ஒழுங்கற்ற எண்களை வேண்டியவருக்கு இது பெருங்கேடு. 6174-ஐப் பார்த்து மாணவன் வியக்கும் அதே நிகழ்ச்சியே இங்குப் பொறியைச் செயலற்றதாக்குகிறது. எனவே, விதி எங்கே சென்று முடியும் என்று முன்னரே ஆராய்ந்தறிதல் இன்றியமையாததாகிறது.

மேலும், பத்தாயிரத்தை 54 ஆகவும், 54-ஐ 30 ஆகவும் காரணத்தால் குறைத்துப் பின்னர் ஒவ்வொன்றாகச் சோதித்தல், உயர்ந்த கணிதத்திலும் கையாளப்படும் முறையே ஆகும். பொருள் சிறியதாயினும் முறை சிறியதன்று.

காப்ரேகரின் உழைப்பு

காப்ரேகர் 1905 ஜனவரி 17-ஆம் நாள் டஹாணு என்னும் ஊரில் பிறந்தார். தாணாவில் பள்ளிக் கல்வியும் புனே பெர்குஸன் கல்லூரியில் உயர்கல்வியும் பெற்றார். மாணவராயிருந்தபோதே, 1927-இல், ராங்லர் பராஞ்சபே கணிதப் பரிசு அவருக்குக் கிடைத்தது. 1929-இல் பம்பாய்ப் பல்கலைக்கழகப் பட்டம் பெற்றார். அதற்கு மேற்பட்ட பட்டம் எதுவும் அவர் பெறவில்லை. 1930 முதல் 1962-இல் ஓய்வு பெறும்வரை பள்ளி ஆசிரியராகவே இருந்தார்.

ஆராய்ச்சி நிலையமோ, பெரிய நூலகமோ அவருக்கு வாய்க்கவில்லை. தம் ஊதியத்திலிருந்து செலவிட்டுச் சிறு நூல்களை அச்சிட்டு வெளியிட்டார். அவர் ஆராய்ந்தவை அற்பமானவை என்று கருதிய கணித அறிஞர் பலர். அவர் மனம் தளரவில்லை. 6174-ஐப் பற்றிய அவருடைய குறிப்பு 1955-இல் ‘ஸ்கிரிப்டா மாதமாடிகா’ என்னும் அமெரிக்கக் கணித ஏட்டில் வெளியாயிற்று.

அவர் கண்ட பிற எண்வகைகளும் பெயர் பெற்றன. 45-இன் வர்க்கம் 2025. அதனை 20, 25 எனப் பிரித்துக் கூட்டினால் 45 கிடைக்கும். 297-இன் வர்க்கம் 88209. 88-உம் 209-உம் சேர்ந்தால் 297. இவை காப்ரேகர் எண்கள் எனப்படுகின்றன. தன் இலக்கங்களின் கூட்டுத்தொகையால் மீதமின்றி வகுபடும் எண்ணிற்கு, மகிழ்ச்சி தருவது என்னும் பொருளில் ‘ஹர்ஷத்’ எனப் பெயரிட்டார். மேலே கண்டவாறு 6174-உம் அவ்வகையினதே. ஓர் எண்ணோடு அதன் இலக்கங்களைக் கூட்டினால் வேறோர் எண் பிறக்கும். 15-உடன் 1, 5 ஆகியவற்றைக் கூட்டினால் 21 பிறப்பது போல. ஆனால் 20 என்னும் எண்ணை இவ்வாறு பெற்றெடுக்கும் எண் ஒன்றும் இல்லை. அத்தகையவற்றை அவர் ‘சுயம்பு’ என்றார். 1963-இல் அவற்றைப் பற்றி நூல் ஒன்றும் வெளியிட்டார்.

1975-இல் மார்ட்டின் கார்டனர் ‘ஸயண்டிபிக் அமெரிக்கன்’ இதழில் தாம் எழுதிவந்த பகுதியில் காப்ரேகரின் எண்களைப் பற்றி எழுதியபின்னரே அவர் பெயர் உலகெங்கும் பரவியது. அப்பொழுது அவருக்கு வயது எழுபது. சென்னையில் அவர் தம் முடிபை அறிவித்து இருபத்தாறு ஆண்டுகள் கழிந்திருந்தன. 1986-இல் அவர் மறைந்தார்.

அவர் எடுத்துக்கொண்ட பொருள்கள் யாவும் எந்தக் கிராமப் பள்ளியிலும் கிடைப்பவை: கூட்டல், கழித்தல், பெருக்கல், ஒரு கரும்பலகை. அவற்றைக் கொண்டு புதியதொன்றைக் காண இயலும் என்பதை அவர் செய்து காட்டினார். ஆயினும், 6174-இன் இயல்பை வியந்து சொல்லிவிட்டு நிறுத்துவோர் அவர் பணியில் பாதியையே எடுத்துக்கொள்வோர் ஆவர். ‘ஏன்?’ என்று கேட்டு முப்பது கழித்தல்களையும் செய்து முடிக்கும் வகுப்பே மறுபாதியையும் பெற்றுக்கொள்கிறது. அதற்கு வேண்டுவன முப்பது அட்டைகளும் ஒரு பாடவேளையுமே.